கடலின் முதற்படலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று விதிக்கப்பட்டிருக்கும் 61 நாள் தடைக்காலம், மீன்களின் இனவிருத்திக்காக ஏற்பட்டதே ஆயினும், படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதற்கு வாய்த்த பருவமாகவும் நாளடைவில் ஆகிவிட்டது. அந்த நாட்களில் காசிமேட்டுக்கோ தூத்துக்குடிக்கோ செல்பவர்கள், கரையில் ஏற்றி நிறுத்திய படகுகளின் அடிப்பாகத்தை ஆட்கள் இரும்புத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். வெண்மையான கொட்டலசும், வளைந்து நெளிந்து செல்லும் சுண்ணாம்புக் குழாய்களுக்குள் வாழும் புழுக்களும், சிறு சிப்பிகளும், காய்ந்துபோன பாசியும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழ, அவற்றோடு கூடவே முன்பு பூசிய வர்ணமும் பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கிறது. பிறகு புது வர்ணம் பூசிப் படகைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். அடுத்த ஆண்டு அதே வேலை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமாகிறது.

இந்த வேலையைச் செய்பவர்களிடம் குறை காண்பது என் நோக்கம் அன்று. அடியில் ஓடுகள் மண்டிய படகு வேகம் குறைந்து டீசலை அதிகமாகக் குடிக்கும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டவர்கள். அந்தச் செலவைத் தங்கள் கைப்பணத்திலிருந்து கொடுப்பவர்கள். நான் சொல்ல விரும்புவது என்னவென்றால், சுரண்டி எடுக்கப்படும் அந்த ஓடுகள் ஒரு நீண்ட நிகழ்ச்சித் தொடரின் கடைசிக் கட்டம் என்பதும், அதன் முதற்கட்டம் படகு தண்ணீரில் இறங்கிய அன்றைக்கே, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் படலமாக உருவாகிவிடுகிறது என்பதுந்தான். அந்த முதற்படலத்தைப் பற்றிய அறிவு இல்லாமல் கடலில் கலங்களை விடுவதும், கடல்நீரைக் கொண்டு மின்நிலையங்களைக் குளிர்விப்பதும், கடல்நீரைக் குடிநீராக்குவதும், அழிந்த பவளப்பாறைகளை மீட்க முயல்வதும், பொதுமக்களின் பணத்தையும் கடலின் நலத்தையும் ஒருங்கே விரயம் செய்வதாகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இந்த அறிவைத் தேடும் காரியம் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சென்னைத் துறைமுகத்தில் தொடங்கிவிட்டது என்பதனால், இதை வற்புறுத்திச் சொல்வதற்கு நமக்குத் தனி உரிமையும் இருக்கிறது.

கரையோரக் கடல்நீரில் ஒரு மில்லிலிட்டரை எடுத்துக்கொண்டால், அதில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். இத்தனை ஜீவன்கள் நிறைந்திருந்தும், கடல்நீர் அவற்றுக்கு வளமான வாசஸ்தலம் என்று சொல்வதற்கில்லை. உணவாகக் கூடிய கரிமப்பொருள்கள் அதில் மிகச் சொற்பமான அளவிலேயே கரைந்து பரவிக் கிடக்கின்றன. ஆனால் ஒரு கண்ணாடித் துண்டையோ, மரப்பலகையையோ, இரும்புத் தகட்டையோ அந்த நீருக்குள் இறக்கினால், சில நிமிஷங்களுக்குள்ளேயே, நீரில் கரைந்திருந்த புரதங்களும் சர்க்கரைத் தொடர்களும் இன்னும் பலவகைக் கரிமப்பொருள்களும் அதன் மேற்பரப்பில் வந்து படிந்துவிடுகின்றன. உயிரில்லாத இந்த மெல்லிய பூச்சு, அடியில் இருப்பது கண்ணாடியா இரும்பா என்ற வேற்றுமையை ஓரளவு மறைத்துவிடுவதோடு, திறந்த நீரில் சிதறிக் கிடந்த உணவை ஓரிடத்தில் திரட்டியும் வைக்கிறது. நீந்தியும் நீரோட்டத்தில் மிதந்தும் வரும் பாக்டீரியா அந்தப் பரப்பை அணுகும்போது, இரண்டும் பெரும்பாலும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவையாகையால் ஒன்றையொன்று விலக்கவே முயல்கின்றன. ஆயினும் கடல்நீரில் உள்ள உப்பு அந்த விலக்கு விசையின் எல்லையை மிகவும் குறுக்கிவிடுவதால், மிக நெருங்கிய தூரத்தில் ஈர்ப்பே மேலோங்குகிறது. அப்படித் தொட்டுக்கொண்டு நிற்கும் பாக்டீரியா இன்னும் விலகிப் போகக் கூடிய நிலையில்தான் இருக்கிறது. கெவின் மார்ஷல் என்பவரும் அவருடைய சகாக்களும் 1971ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டியபடி, சிறிது நேரம் கழித்து அது தன்னுள்ளிருந்து பசை போன்ற பொருளைச் சுரந்து பரப்போடு தன்னைப் பிணைத்துக்கொண்ட பின்னரே அதன் குடியிருப்பு நிலைபெறுகிறது. அதன் பிறகு நீரை ஊற்றி அலசினாலும் அது போவதில்லை.

சர்க்கரைத் தொடர்களும், புரதங்களும், செல்லிலிருந்து வெளியேறிய டி.என்.ஏ. இழைகளும் சேர்ந்த அந்தப் பசையே படலத்தின் உடம்பு. அதற்குள் பாக்டீரியாக்கள் பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. வேறு இனங்களும் வந்து சேருகின்றன. இடையிடையே நீர் சென்று வரும் கால்வாய்கள் உண்டாகின்றன. திறந்த நீரில் தனித்துத் திரியும் பாக்டீரியாவை எளிதில் விழுங்கிவிடும் சிறு விலங்குகளிடமிருந்தும், கடும் வெயிலிடமிருந்தும், நஞ்சுகளிடமிருந்தும் இந்தப் பசை அதற்குப் பாதுகாப்பளிக்கிறது. படலம் தடிக்கத் தடிக்க, மேலடுக்கில் உள்ளவை பிராணவாயுவை உட்கொண்டுவிடுவதால் அடியடுக்குக்கு அது எட்டுவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழத்துக்குள்ளேயே பிராணவாயு அற்ற உலகம் ஒன்று அமைந்துவிடுகிறது. அங்கே, கடல்நீரில் ஏராளமாக உள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் குடியேறி, எஃகை அரித்துக் குழி விழச் செய்கின்றன. மேல்தளத்திலோ, ஓரிரு நாட்களில், கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுகளுக்குள் வாழும் டயட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள் வந்து ஒட்டிக்கொண்டு, வெயிலின் உதவியால் தாமே உணவு தயாரித்துப் படலத்தைப் பழுப்பு நிறமாக்குகின்றன. நீரில் கிடந்த கயிற்றைத் தொட்டுப் பார்ப்பவர் விரலில் உணரும் வழுவழுப்பு இதுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த கிளாட் சோபெல், நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி வில்லைகளையே கடலில் இறக்கி, குறித்த நேரங்களில் எடுத்து, சாயம் ஏற்றிப் பார்த்து, இந்த வரிசைக் கிரமத்தைக் கண்டவர். அவரும் அவருடைய சகா ஆலனும் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், சில மணி நேரத்துக்குள்ளேயே பாக்டீரியாக்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதையும், அவை ஏற்படுத்தும் படலம் பின்னால் வரும் பெரிய உயிர்கள் பற்றிக்கொள்ளத் துணை செய்வதையும் விளக்கினார்கள். பின்னர், 1943ஆம் ஆண்டில், சிறிய புட்டிகளில் அடைத்த கடல்நீரில் பாக்டீரியாக்கள் அதிகமாகப் பெருகுவதற்குக் காரணம் புட்டியின் உட்சுவரே என்று சோபெல் எழுதினார். கொள்ளளவைப் பார்க்கச் சிறிய புட்டியில்தான் சுவரின் பரப்பு அதிகம், உணவு திரள்வதும் அதிகம். ஒரு கண்ணாடி வில்லை, ஒரு கயிறு, ஒரு நுண்ணோக்கி, இவற்றைக் கொண்டு செய்யக் கூடிய பரிசோதனை இது என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

படலம் ஏற்பட்ட பிறகு வரும் விருந்தாளிகளில் முக்கியமானது கொட்டலசு. இறால், நண்டு ஆகியவற்றின் உறவான இந்த ஜீவனைப் பற்றி 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுக் காலம் சார்லஸ் டார்வின் ஆராய்ந்து பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார். கொட்டலசின் குஞ்சு கடலில் மிதந்து பல பருவங்களைக் கடந்து, கடைசியாக இரட்டை ஓடு போர்த்த சிறு விதை போன்ற உருவத்தை அடைகிறது. இந்தப் பருவத்தில் அது உணவு கொள்வதே இல்லை. முன்பு சேர்த்துவைத்த கொழுப்பு தீர்வதற்குள் தனக்கு ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லையேல் மடிய வேண்டும். ஆகவே அது பரப்பின்மீது இறங்கி, முன்னால் உள்ள இரண்டு உணர்கொம்புகளையே கால்களாக ஊன்றி, ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து நடக்கிறது. நிலம் வாங்கப் போகிறவர் மண்ணைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பதுபோல, அடிக்கொரு தரம் நின்று சோதிக்கிறது. பிடிக்காவிட்டால் விட்டு எழுந்து நீந்திப் போய்விடுகிறது. பிடித்துவிட்டால், தலைப்பக்கத்தைக் கீழே வைத்துத் தன் உடம்பில் சுரக்கும் சிமெண்டினால் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு அதற்கு இடமாற்றம் கிடையாது. எஞ்சிய ஆயுள் முழுவதும் தலைகீழாக நின்று, கால்களால் நீரை வாரி உணவு தேட வேண்டியதுதான். இவ்வளவு பெரிய தீர்மானத்தைச் செய்வதற்கு அது சோதித்துப் பார்க்கும் விஷயங்களில், ஏற்கெனவே குடியேறியிருக்கும் தன்னினத்தின் வாசனையும், பரப்பின் தன்மையும், அதன்மேல் படிந்துள்ள நுண்ணுயிர்ப் படலமும் அடங்கும்.

சுண்ணாம்புக் குழாய்ப் புழுக்களில் 'ஹைட்ராய்டிஸ் எலிகன்ஸ்' என்ற இனம் இந்த உறவை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. வெப்பமண்டலத் துறைமுகங்கள் பலவற்றில் மலிந்து கிடக்கும் இப்புழுவை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹாட்ஃபீல்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கிருமி நீக்கிய சுத்தமான பரப்பில் இதன் குஞ்சுகள் தங்குவதில்லை. படலம் படிந்த பரப்பில் விட்டால் உடனே ஒட்டிக்கொண்டு உருமாறத் தொடங்குகின்றன. எல்லாப் பாக்டீரியாக்களும் இதைச் செய்வதில்லை. குறிப்பிட்ட சில இனங்களே செய்கின்றன. அவற்றுள் ஒன்று, வைரஸின் வாலை ஒத்த, சுருங்கக் கூடிய நுண்ணிய ஊசிக் குழாய்களை உற்பத்தி செய்கிறது என்றும், அவையே குஞ்சின் உருமாற்றத்தைத் தூண்டுகின்றன என்றும் 2014ஆம் ஆண்டில் அவரும் ஷிகுமா முதலிய ஆராய்ச்சியாளர்களும் வெளியிட்டார்கள். ஒரு விலங்கு குழந்தைப் பருவத்திலிருந்து முதிர்ந்த பருவத்துக்கு மாறுவதற்குப் பாக்டீரியாவின் உத்தரவுக்காகக் காத்திருக்கிறது என்றால், கடலில் யார் எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிப்பதில் இந்தச் சூட்சும ஜீவன்களுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னையில் நடந்த வேலையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. எம். டி. பால் என்பவர் சென்னைத் துறைமுகத்தில் ஒட்டி வாழும் உயிர்களின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் பற்றி 1942ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். அதன் பின்னர் ஏ. டேனியல் என்பவர், கடலுயிர்கள் குடியேறுவதில் முதற்படலத்துக்கு உள்ள பங்கையே தம் ஆராய்ச்சிக்கு விஷயமாக எடுத்துக்கொண்டு, 1955ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். உலகில் வெகு சிலரே இதைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்த காலத்தில், நம் நகரத்தின் துறைமுகத்தில் பலகைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அவற்றில் வந்து ஒட்டுவன எவை என்று பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தொடர்ச்சி அறுந்து போகாமல் ஒவ்வொரு துறைமுகத்திலும் வேரூன்றியிருந்தால், இன்று நம்முடைய நிலை வேறாக இருந்திருக்கும்.

படலத்தை அறிய முயல்வதற்குப் பதிலாக மனிதன் பெரும்பாலும் கைக்கொண்ட மார்க்கம் நஞ்சு. 1761ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படையினர் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகடுகளால் போர்த்தி மேற்கிந்தியக் கடல்களுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த கப்பலைச் சோதித்தபோது, மரத்தைத் துளைக்கும் புழுவும் பாசியும் அண்டாமல் செம்பு காத்திருந்தது தெரிந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. பிற்காலத்தில் செம்பே கடல்நீரில் கரைந்து தேய்வதைத் தடுக்க வழி சொல்லும்படி ரசாயன விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியைக் கேட்டார்கள். அவர் 1824ஆம் ஆண்டில், செப்புத் தகட்டோடு சிறு இரும்புத் துண்டுகளையோ துத்தநாகத் துண்டுகளையோ இணைத்துவிட்டால் அவை தாம் கரைந்து செம்பைக் காப்பாற்றும் என்று கூறினார். ரசாயன சாஸ்திரத்தின்படி அவர் சொன்னது முற்றிலும் சரி; செம்பு கரையவில்லை. கரையாத செம்பு நீரில் நஞ்சைக் கலக்கவும் இல்லை. கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் தாராளமாக வளர்ந்தன. அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட நேர்ந்தது. செம்பின் காவல் அதன் உறுதியில் இருந்ததாக எண்ணியது பிழை என்றும், அது மெல்ல மெல்லக் கரைந்து அழிவதிலேயே இருந்தது என்றும் அப்போது வெளியாயிற்று. உலோகத்தைப் பற்றிய அறிவு எவ்வளவு பூரணமாக இருந்தாலும், அதன்மேல் குடியேறும் உயிரைப் பற்றிய அறிவு இல்லாவிட்டால் காரியம் கெடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த பிழை இன்னும் பெரிது. 1960களிலிருந்து வெள்ளீயத்தின் கரிமக் கூட்டுப் பொருளான டிரைபியூட்டைல் டின் கலந்த வர்ணங்கள் கப்பல்களுக்குப் பூசப்பட்டன. அவை நெடுநாள் பயன் தந்தன. கப்பல் முதலாளிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் 1970களின் பிற்பகுதியில் பிரான்ஸ் தேசத்து ஆர்க்காஷோன் விரிகுடாவில் வளர்க்கப்பட்ட சிப்பிகளின் குஞ்சுகள் தங்காமல் போயின. பிழைத்த சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகத் தடித்துக் கோணின. இங்கிலாந்தின் கரையில் வாழும் ஒரு வகைக் கடல் நத்தையின் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைத்து, முட்டையிட முடியாமல் அந்த இனமே சில இடங்களில் அற்றுப்போயிற்று. ஒரு லிட்டர் நீரில், ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு இருந்தாலே இந்தக் கேடு தொடங்கிவிடும் என்று கண்டார்கள். பிரான்ஸ் 1982ஆம் ஆண்டிலேயே சிறு படகுகளுக்கு இந்த வர்ணத்தைத் தடை செய்தது. ஆயினும் உலகம் முழுவதற்குமான உடன்படிக்கை 2001ஆம் ஆண்டில்தான் கையெழுத்தாகி, 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதியன்றுதான் அமலுக்கு வந்தது. தீமை கண்கூடாகத் தெரிந்த பிறகு அதை நிறுத்துவதற்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

இத்தனைக்கும், நஞ்சு வர்ணங்கள் பெரிய உயிர்களைத்தான் நன்றாகத் தடுக்கின்றன; செம்பைப் பொறுத்துக்கொள்ளும் டயட்டங்களும் பாக்டீரியாக்களும் அவற்றின்மேல் வழுவழுப்பான படலமாகப் பரவிவிடுகின்றன. அந்த வழுவழுப்பு அற்பமானதன்று. அமெரிக்கக் கடற்படைக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007ஆம் ஆண்டில் செய்த கணக்கின்படி, ஓட்டுயிர் ஒன்றுகூட இல்லாமல் வெறும் தடித்த படலம் மட்டும் படிந்திருந்தாலே, ஒரு போர்க்கப்பல் தன் வழக்கமான வேகத்தில் செல்ல ஏறக்குறைய 20 சதவீதம் அதிக சக்தி தேவைப்படும். அவரும் சகாக்களும் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டில், ஒரே வகையைச் சேர்ந்த நாசகாரிக் கப்பல்களின் அடியில் படியும் உயிர்களால் அமெரிக்கக் கடற்படைக்கு ஆண்டுக்கு 5.6 கோடி டாலர் செலவு என்றும், அதில் பெரும்பங்கு எண்ணெய்ச் செலவே என்றும் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு எண்ணெயும் புகையாகி வானத்தில் கலக்கிறது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நம் கரைக்கு வருவோம். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம், தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் கடல்நீரை, கடலடிக்குக் கீழே ஆழத்தில் குடையப்பட்ட 468 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகப் பெறுகிறது. வெயில் படாத, உணவு சுமந்த நீர் இடைவிடாமல் ஓடுகிற அந்தச் சுரங்கத்தைவிடச் சிறந்த வீடு பச்சைச் சிப்பிக்கும் கொட்டலசுக்கும் வேறு எங்கே கிடைக்கும்? முதல் உலை 1984ஆம் ஆண்டில் வர்த்தக முறையில் மின்சாரம் தரத் தொடங்கிய காலத்தை ஒட்டியே, சுரங்கத்துக்குள் நூற்றுக்கணக்கான டன் எடையில் இவை மண்டியிருப்பது தெரிய வந்தது. அதன் பயனாகக் கல்பாக்கத்து விஞ்ஞானிகள் இந்தத் துறையில் ஆழ்ந்து உழைத்து, வெப்பமண்டலக் கடலில் படலமும் ஓட்டுயிர்களும் எவ்வாறு குடியேறுகின்றன என்பதைப் பற்றி உலகம் மதிக்கும் ஆராய்ச்சிகளை வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களை நான் மனமாரப் போற்றுகிறேன். அங்கே கையாளப்படும் பிரதான உபாயம் குளோரின்தான். ஆனால் படலத்தின் பசை குளோரினைத் தன் மேலடுக்கிலேயே செலவழித்துவிட்டு உள்ளே உள்ளவற்றைக் காப்பாற்றுகிறது. கடல்நீரில் இயல்பாக உள்ள புரோமைடோடு குளோரின் சேர்ந்து புரோமோஃபாரம் போன்ற துணைப்பொருள்களையும் உண்டாக்குகிறது. மேலும், அரிப்புக்கு அசையாத டைட்டானியக் குழாய்களைப் பயன்படுத்தும் புதிய நிலையங்களில், செப்புக் கலவைக் குழாய்களில் இருந்த நஞ்சு இல்லாமல் போவதால் படலம் தடையின்றி வளர்கிறது. பெரும்பகுதி நீராலேயே ஆன அந்தப் படலம் அசையாமல் நின்றுகொண்டு வெப்பம் கடந்து செல்வதைத் தடுக்கிறது. டேவியின் கப்பல்களில் நடந்தது வேறு உருவத்தில் இங்கே திரும்ப நடக்கிறது.

மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உள்ள, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலும் இதே சங்கடம் உண்டு. நீரை வடிக்கும் சவ்வைக் குளோரின் கெடுத்துவிடும் என்பதால், சவ்வுக்கு முன்னால் குளோரினை அகற்றிவிடுகிறார்கள். அதற்குள் குளோரின், நீரில் உள்ள பெரிய கரிம மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக உடைத்து, தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்களுக்கு எளிதில் செரிக்கும் உணவாக்கி வைத்துவிடுகிறது. அவை சவ்வின்மேல் படலமாகப் படிந்துகொள்ள, நீரைத் தள்ளுவதற்கு அதிக அழுத்தமும் அதிக மின்சாரமும் தேவையாகின்றன. சென்னைவாசியின் குடத்துக்கு வரும் நீரின் விலையில் இந்தப் படலத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இவ்வளவையும் படித்தபின், படலம் என்பது மனிதனுக்கு விரோதி என்று ஒருவர் முடிவு கட்டினால் அது பெரிய அநியாயமாகும். பவளப்பாறை கட்டும் உயிரின் குஞ்சும் கொட்டலசின் குஞ்சைப் போலவே இடம் தேடி அலைகிறது. பாறைமேல் படரும் சுண்ணாம்புச் சிவப்புப் பாசியும், அதன்மேல் வாழும் பாக்டீரியாக்களும் அதற்கு அடையாளம் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத்திட்டில் அத்தகைய பாக்டீரியா ஒன்று சுரக்கும் பொருள் பவளக் குஞ்சின் உருமாற்றத்தைத் தூண்டுவதை 2011ஆம் ஆண்டில் கண்டிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கு அருகே, கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் சர்க்கார் செலவில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டிருக்கின்றன. மிக நல்ல காரியம். ஆனால் கான்கிரீட்டின் வடிவத்தையும் எடையையும் கணக்கிடுவதில் காட்டும் சிரத்தையை, அதன்மேல் முதல் மாதத்தில் என்ன படலம் படிகிறது என்பதைப் பார்ப்பதிலும் காட்ட வேண்டும். பவளம் வருவதும் வராமல் போவதும் அங்கேதான் பெரிதும் நிர்ணயமாகிறது.

நஞ்சைத் தவிர வேறு வழி உண்டா என்றால், கடலே அதைக் காட்டியிருக்கிறது. சிட்னி நகரத்துக்கு அருகே வளரும் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசியின்மேல் பிற உயிர்கள் அதிகமாக ஒட்டுவதில்லை. பாக்டீரியாக்கள் தங்கள் தொகை பெருகியதை ரசாயனச் சமிக்ஞைகளால் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொண்டே கூட்டுக் காரியங்களில் இறங்குகின்றன. இந்தப் பாசி அந்தச் சமிக்ஞைகளைக் குலைக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்று ஸ்டாஃபன் கெல்லெபர்க், பீட்டர் ஸ்டெய்ன்பர்க் முதலியோர் கண்டார்கள். எதையும் கொல்லாமல் பேச்சை மட்டும் தடுக்கும் உபாயம் அது. பிற உயிர்களை அண்டவிடாத பொருள்களைத் தானே உற்பத்தி செய்யும் பாக்டீரியாவையும் ஒரு கடற்பீச்சியின் உடலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் இன்னும் கடைச் சரக்காகவில்லை. ஆனால் நம் பாறைகளிலும் பாசிகளிலும் இப்படிப்பட்டவை எவ்வளவோ இருக்கக் கூடும், தேடுவார் வேண்டும்.

அதற்கு நான் கேட்பது பெரிய ஆராய்ச்சி மாளிகை அன்று. எண்ணூர், காசிமேடு, கல்பாக்கம், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், மண்டபம், தூத்துக்குடி ஆகிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு சட்டத்தில் கண்ணாடி வில்லைகளையும் எஃகு, மரம், கான்கிரீட் துண்டுகளையும் கட்டிக் கடலில் இறக்கி, வாரந்தோறும் ஒன்றை எடுத்துப் பார்த்து, கண்டதை ஒரே முறையில் பதிந்து, மாதந்தோறும் தமிழில் வெளியிட வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் நிலையம் இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கடலோர ஊர்களின் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடப் பிரத்தியட்சமான பாடம் கிடையாது. குளிர்ந்த ஐரோப்பியக் கடல்களில், குளிர்காலத்தில் ஒட்டி வாழும் உயிர்கள் குடியேறுவது ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. நம் கடலில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஓர் இனம் குடியேறிக்கொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் வந்து சேரும்போது சென்னைக் கரையின் உப்பு குறைகிறது. பருவத்துக்குப் பருவம் நீரோட்டம் திசை மாறுகிறது. அதற்கேற்பக் குடியேறும் உயிர்களும் மாறுகின்றன. அந்நிய தேசத்தில் பரீட்சித்த வர்ணத்தையும் அங்கே வகுத்த அட்டவணையையும் அப்படியே இங்கே கொண்டுவந்து பின்பற்றுவது எந்த விதத்திலும் பொருந்தாது.

எந்த மாதத்தில் எந்த உயிர் குடியேறுகிறது என்ற பஞ்சாங்கம் ஒன்று கையில் இருந்தால், மீனவர் எப்போது வர்ணம் பூசுவது என்பதையும், மின்நிலையத்தார் எப்போது குளோரினைக் கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதையும் நிதானிக்கலாம். நஞ்சின் அளவு தானாகவே குறையும். படகுகளைச் சுரண்டும் இடங்களில் அடியில் தார்ப்பாய் விரித்து, உதிரும் வர்ணப்பொடியைச் சேகரித்து அப்புறப்படுத்தும் பொறுப்பை மீன்வளத் துறை ஏற்க வேண்டும். அந்தச் செலவை மீனவர் தலையில் சுமத்தக் கூடாது. கடல்நீரைப் பெருமளவில் எடுத்துத் திருப்பி விடும் ஒவ்வோர் ஆலையும், தான் வெளியே விடும் நீரில் எஞ்சியுள்ள குளோரினின் அளவைப் பொதுமக்கள் பார்க்கும்படி நாள்தோறும் அறிவிக்க வேண்டும். கல்பாக்கத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் அளவீடுகளில் வெளியிடத் தக்கவற்றை, அதே கரையில் சிறிது வடக்கே இருக்கும் நெம்மேலி ஆலையின் பொறியாளர்கள் எடுத்து ஆளும்படி ஒரே பதிவேட்டில் சேர்த்து வைக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டு ஸ்தாபனங்களின் தலைவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் ஒரு கடிதம் போதும்.